மிளகாய் மேல் பழி போட்ட உடல்நலப் பக்க ஆசிரியருக்கு

மதிப்புக்குரிய உடல்நலப் பக்க ஆசிரியர் அவர்களுக்கு, பிள்ளைப்பாக்கம் கூட்டுரோட்டில் மெஸ் நடத்தும் தசரதன் கைகூப்பி எழுதுவது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும், முக்கியமாகத் தங்கள் வயிறும், நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி கலைமதியும் நலம். மெஸ்தான் நலமில்லை.

போன மாதம் தங்கள் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். படித்தேன் என்பதைவிடப் படிக்க வைக்கப்பட்டேன் என்பது சரி. கல்லாவுக்கு எதிர்ச்சுவரில் யாரோ அதை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஷிப்ட் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு அல்சர் வரக் காரணம் மெஸ் சாப்பாட்டின் காரம் என்று எழுதியிருந்தீர்கள். கூடவே ஒரு படம், வாளி நிறையச் செக்கச்செவேல் என்று சாம்பார். சாம்பார் அந்த நிறத்தில் இருக்காது என்பதைத் தொழில் தெரிந்தவன் என்ற முறையில் முதலில் சொல்லிக்கொள்கிறேன். மற்றபடி எனக்குத் தங்கள்மேல் கோபம் கிடையாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நியாயத்தைத் தாங்களே சொல்லுங்கள்.

எங்களிடம் மாதச் சாப்பாடு சாப்பிடும் பையன்களில் டெனிசன் என்று ஒருவன். ஊர் நாகர்கோவில் பக்கம். கார் சீட் செய்யும் கம்பெனியில் லைனில் நிற்கிறான். கட்டுரை ஒட்டிய அன்று காரக்குழம்பைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, ரெண்டு மாசமா நெஞ்சு கெடந்து எரியுது. இப்பல்லா காரணம் தெரியுது" என்றான். இதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகிய பிள்ளை, மொத்த மெஸ்ஸுக்கும் கேட்டது. மறுநாள் எல்லோருக்கும் நெஞ்சு எரிந்தது. எதிர்ச்சாரியில் டீக்கடை வைத்திருந்த பலராமன் அந்த வாரமே 'காரமில்லா மெஸ், வயிற்றுக்கு இதம்' என்று பேனர் கட்டிவிட்டான். பாதிப் பேர் ரோட்டைத் தாண்டி அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேரும் போனால் நான் கடையைச் சாத்திவிட்டு ஏதாவது கம்பெனி கேட்டில் செக்யூரிட்டியாக நிற்க வேண்டியதுதான். சும்மா சொல்லவில்லை, என் மச்சான் யூனிபார்ம் அளவே கேட்டுவிட்டான்.

போகாமல் இருந்தவர்கள் நெஞ்செரிச்சல் மாத்திரைக்கு மாறினார்கள். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட வேண்டிய மாத்திரை. ரூமில் போட்டால் மறந்துவிடுகிறதாம், அதனால் மெஸ்ஸுக்கு வந்து, பெஞ்சில் இடம் பிடித்து, மாத்திரையை விழுங்கிவிட்டு அரை மணி நேரம் போன் பார்ப்பார்கள். எழுந்தால் இடம் போய்விடும். உட்கார்ந்தவன் சாப்பிடவில்லை, சாப்பிட வந்தவனுக்கு உட்கார இடமில்லை, வரிசை ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோக்காரர்கள் திட்டினார்கள். சரியாகச் சோறு போடும் நேரத்தில் கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும், அத்தனை பேரும் எழுந்து ஓடுவார்கள். மாத்திரை அவர்கள் வயிற்றில், சாப்பாடு என் குண்டானில்.

இது என்ன மாத்திரை என்று மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் ஃபாத்திமாவிடமே போய்க் கேட்டுவிட்டேன். அந்தப் பெண் பொறுமைசாலி. "அண்ணா, வயித்துச் சுவத்துல ஆசிட் இறைக்கிற பம்பு ஏகப்பட்டது கீது. சாப்பாடு வந்தாதான் அதுங்க முழிச்சிக்கும். ஓடுற பம்பைத்தான் இந்த மாத்திரை புடிச்சுப் பூட்டும், தூங்கிக்கினு கீற பம்பை ஒண்ணும் பண்ணாது. அதான் முன்னாடியே போட்டு ரத்தத்துல ரெடியா வெச்சுக்கினு, அப்புறம் கரெக்டா சாப்பிடணும். சாப்பிடாம ஓடினா மாத்திரை பாதி வேஸ்ட்டு" என்றாள். என் வாழ்நாளில் மருத்துவம் மெஸ்காரன் பக்கம் பேசி அன்றுதான் கேட்டேன், கண் கலங்கிவிட்டது. உடனே 'மாத்திரை போட்டவர்கள் அவசியம் சாப்பிடவும்' என்று போர்டு எழுதி மாட்டினேன். சாயங்காலமே பலராமனும் அதே போர்டை மாட்டினான்.

டெனிசனுக்குப் பொறுமை கிடையாது. ஒரே நாளில் எல்லாப் பம்பும் ஓடாது, அன்றன்றைக்கு ஓடுவதைத்தான் பூட்ட முடியும், முழுசாக அடங்க மூன்று நாலு நாள் ஆகும் என்று ஃபாத்திமா சொல்லியும், முதல் நாளே எரிச்சல் நிற்கவில்லை என்று மாத்திரையை டூப்ளிகேட் என்றுவிட்டான். ரோஸ் கலர் ஜெல் பாட்டிலை வாங்கி மோர் குடிக்கிற மாதிரி குடித்தான். அது ஏற்கெனவே ஊறிய ஆசிட்டை அந்த நேரத்துக்கு அடக்குமே தவிர ஊறுவதை நிறுத்தாது, சீக்கிரம் கேட்கும், சீக்கிரம் விட்டுவிடும். அப்புறம் ரூம்மேட் கொடுத்தான் என்று வேறொரு மாத்திரை. ஆசிட் ஊறச் சொல்லி வயிற்றுக்கு மூன்று வழியில் உத்தரவு வருமாம், இது அதில் ஒரு வழியை மட்டும் மறிக்குமாம். எங்கள் வீட்டிலும் உத்தரவு அப்படித்தான், ஒரு பக்கம் மறித்தால் இன்னொரு பக்கமாக வந்து நிற்கும். இத்தனையும் பத்தாது என்று, ஓவர்டைம் பார்த்துப் பார்த்து இடுப்பு வலி என்று தினமும் வலி மாத்திரை வேறு, அதுவும் வெறும் வயிற்றில். இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை படுபாவி.

ஒருநாள் லைனிலேயே தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். மலம் கறுப்பாகப் போகிறது என்று அப்போதுதான் வாயைத் திறந்தான். ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். வாய் வழியாகக் கேமரா வைத்த டியூபை விட்டுப் பார்க்க உள்ளே அழைத்துப் போனார்கள். நான் வெளியே உட்கார்ந்திருந்தேன். ஊரில் இருக்கும் அவன் அம்மாவிடம் என்ன சொல்வது? அந்த நேரத்தில் மெஸ்ஸைப் பற்றி நான் நினைக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன்.

டாக்டர் வெளியே வந்தார். வயிற்றில் புண், நல்லவேளை ரத்தம் நின்றுவிட்டது என்றார். நான் காரக்குழம்பு விஷயத்தை நானே ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார். "மிளகாயால புண் வராதுங்க. இருக்கிற புண்ணுல எரிச்சலக் கூட்டும், அவ்வளவுதான். இவருக்கு வலி மாத்திரை வயித்தோட உள்பூச்சைக் கெடுத்துருக்கு. அதோட ஒரு கிருமியும் இருக்கு, டெஸ்ட்ல வந்துருச்சு" என்றார். கிருமியைக் கொல்ல இரண்டு மருந்து, அவை நன்றாக வேலை செய்யவும் புண் ஆறவும் அந்தப் பம்பு பூட்டும் மாத்திரை, எல்லாம் பதினாலு நாள் விடாமல். வலி மாத்திரையை மறந்துவிட வேண்டும். மிளகாய் பற்றிய வாக்கியத்தை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னேன். மூன்றாவது தடவை அவரைக் கேட்டுக்கொண்டு போனில் ரெக்கார்டு பண்ணிக்கொண்டேன். இப்போது மெஸ்ஸில் மூன்று வேளையும் ஸ்பீக்கரில் அதுதான் ஓடுகிறது. டெனிசன் தேறிவிட்டான். ரோட்டைத் தாண்டிப் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்புகிறார்கள்.

ஆகவே ஐயா, தாங்கள் தங்கள் பக்கத்தில், முன்பு போட்ட அதே அளவு எழுத்தில், மிளகாய் நிரபராதி, கிருமிதான் குற்றவாளி என்று மறுப்பு வெளியிட வேண்டும். சாம்பாரையும் சரியான நிறத்தில் போட வேண்டும். என் பிழைப்பு அதில்தான் இருக்கிறது.

தங்கள் பத்திரிகை பெருகவும், தங்கள் வயிற்றுப் பம்புகள் அளவோடு ஓடவும் வாழ்த்தும்,
தசரதன்,
பிள்ளைப்பாக்கம்.

பி.கு.: தபாலில் போடச் சொல்லிக் கலைமதியிடம் கொடுத்தேன். அவள் நின்றபடியே முழுசாகப் படித்துவிட்டு, "ஏன்யா, எல்லாம் சரி, அந்தக் கிருமி இன்னா கம்பெனி பஸ்ஸுல ஏறியா வந்துச்சு? எது வழியா அந்தப் புள்ள வாய்க்குள்ள போச்சு?" என்று கேட்டாள். ஃபாத்திமாவிடம் ஓடினேன். சுத்தமில்லாத தண்ணி, சாப்பாடு, கை, இதுங்க வழியா வரலாம்ணா, அநேகமா சின்ன வயசுலயே வந்துடும் என்றாள். சின்ன வயசு என்றால் நாகர்கோவில்தானே, நமக்குச் சம்பந்தமில்லை என்று நிம்மதியாகத் திரும்பினால், கலைமதி மாடிக்கு ஏறி, நாங்கள் குடிக்கக் கொடுக்கும் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி வந்தாள். மூக்கைப் பொத்திய முந்தானையை எடுக்கவில்லை. நேராகக் குளிக்கப் போய்விட்டாள். ஐயா, மறுப்பு எதுவும் வேண்டாம். தாங்கள் எழுதியதுதான் சரி, குற்றவாளி மிளகாயேதான். முடிந்தால் இன்னும் பெரிய எழுத்தில் இன்னொரு தடவை போடுங்கள். மெஸ்ஸுக்கு இரண்டு நாள் லீவு விட்டிருக்கிறேன். 'மிளகாய் வரவில்லை' என்று போர்டு மாட்டியாயிற்று.