நாற்பத்தொன்றாவது கூரை

மேலிருந்து பார்ப்பதுதான் அறிவு, கீழே இருந்து பார்ப்பது வெறும் குடித்தனம் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மனித குலம் ஒண்டிக்கொள்ளக் கூரையைக் கண்டுபிடித்தது. அந்தக் கூரையைக் கண்டுபிடிக்க இப்போது கணினியைக் கண்டுபிடித்திருக்கிறது. நாகரிகம் இதற்கு மேல் எங்கே போகும்?

விமானத்திலிருந்து எடுத்த படங்களில் ஒவ்வொரு கூரையையும் சுற்றிக் கையால் கோடு போடுவது அவள் வேலை. கணினியும் தன் பங்குக்குக் கோடு போடும். இரண்டையும் ஒப்பிட்டு அதற்கு மதிப்பெண் போடுவார்கள். அதாவது, அவளுடையது சரியான விடை, கணினி 'மாணவர்'. அவரை 'அது' என்று யாரும் சொல்லக்கூடாதென்று சுற்றறிக்கையே வந்திருந்தது. "அவருக்குச் சூடாயிருக்கு, ஃபேனைத் திருப்புங்க" என்பார் மேலாளர். மேலாளருக்கு அலுவலகத்தில் 'சதவீதம்' என்று பெயர்.

மறுநாள் மாணவரை ஊருக்கு அறிமுகப்படுத்தும் விழா. மாணவர் தொண்ணூற்றாறு எடுத்திருந்தார். சதவீதம் அவள் மேசையருகே வந்து நின்றார்.

"நூறு வேணும்மா."

"அப்போ அதுக்கு இன்னும் கத்துக்கொடுக்கணும் சார்."

"அவருக்கு."

"அவருக்கு இன்னும் கத்துக்கொடுக்கணும்."

"நேரமில்லம்மா. விடையைத் திருத்திடுவோம். அவர் விட்டுட்ட நாற்பத்தொரு கூரையை நீங்களும் அழிச்சிடுங்க. வீடுன்னு அவர் சொன்ன லாரியைச் சுத்தி நீங்களும் ஒரு கோடு போடுங்க. ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்கொடுத்தாத்தானே குடும்பம்?"

இந்தக் கூரைப் பட்டியலில் இருக்கும் வீட்டுக்குத்தான் அரசின் குடிநீர்க் குழாய் வரும். அது தெரிந்தும் மளமளவென்று நாற்பதை அழித்தாள். கை கொஞ்சமும் வலிக்கவில்லை.

நாற்பத்தொன்றாவது, மரத்தடியில் ஒரு நீலத் தார்ப்பாய். காற்றில் பறக்காமலிருக்க மேலே மூன்று டயர்கள். மூன்றாவது டயரை ஏணியில் நின்று தூக்கிக் கொடுத்தவள் இவள்தான். காலையில்கூட அக்கா போனில் கேட்டிருந்தாள்: "எங்க வீடு படத்துல தெரியுதாடி? துணி காயப்போட்டிருந்தேன், அசிங்கமா இருக்கா?"

மாணவர் அங்கே 'குளம்' என்று எழுதியிருந்தார்.

"சார், இது எங்கக்கா வீடு. நாலு பேர் இருக்காங்க."

சதவீதம் குனிந்து பார்த்தார். "நீலமா இருக்கே. குளம்னு அவர் தெளிவாச் சொல்லியிருக்காரே."

"குளத்து மேல டயர் எப்படி சார்?"

"மிதக்கும்மா."

"குழாய் வராதே சார் அவங்களுக்கு."

"குளத்துக்கு எதுக்கும்மா குழாய்?" அவர் சிரிக்கவில்லை.

'நிச்சயமாக அழிக்கவா?' என்று திரை கேட்டது. நாற்பது முறை இதே கேள்விக்கு 'ஆம்' என்று அழுத்திய விரல். அந்த நாற்பதிலும் யாரோ ஒருத்தியின் அக்கா துணி காயப்போட்டிருப்பாள். அப்போது அது தோன்றவில்லை. தனக்கு ஒன்று என்று வரும்போதுதான் பார்வையே வருகிறது.

'இல்லை' என்று அழுத்தினாள். பிறகு, அழித்த முதல் கூரைக்குப் போய் மறுபடி கோடு போடத் தொடங்கினாள்.

"என்னம்மா பண்றீங்க? நாளைக்கு மேடையில நான் என்ன சொல்றது? அவர் தப்புப் பண்ணிட்டார்னா?"

"அவர்மேல தப்பில்ல சார்," என்றாள் திரையிலிருந்து கண்ணெடுக்காமல். "அவர் குளம்னு நம்பித்தான் சொன்னார். வீடுன்னு தெரிஞ்சே அழிச்சது நாமதான்."