மைத்துனனை வழியனுப்பப் பத்து கிலோமீட்டர்

"பீ...ப்!"

காதுக்குள் ரயில் புகுந்துவிட்டது என்று நினைத்து மாஸ்டர் கட்டிலிலிருந்து உருண்டார். ரயில் இல்லை, விசில். அதை வாயில் கவ்விக்கொண்டு மைத்துனன் தலைமாட்டில் நின்றான்.

"எழுந்திருங்க அத்தான். விடிஞ்சாச்சு. ஓடணும்."

"எங்கடா விடிஞ்சிருக்கு? காக்காகூட இன்னும் கண்ணைத் திறக்கலை."

"காக்காவுக்குப் போட்டி இல்லை. உங்களுக்கு இருக்கு."

மாஸ்டர் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்க உட்கார்ந்தே பிழைப்பு. அவர் கார் கதவைத் திறந்தால் முதலில் தொப்பை ஏறும், பிறகுதான் அவர். அப்படிப்பட்டவர் ஓடச் சம்மதித்ததற்குக் காரணமே இந்த மைத்துனன்தான்.

ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த மனைவியின் தம்பி, மாதக்கணக்காகியும் கிளம்பவில்லை. சோபா அவன் வசம். டிவி ரிமோட் அவன் வசம். மனைவியின் ஒரே தம்பியிடம் 'எப்பக் கிளம்பறே?' என்று கேட்க எந்தக் கணவனுக்கு நாக்கு எழும்பும்? ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

"அங்கே உன் வேலையெல்லாம் கெட்டுப்போகாதா மச்சான்?"

மைத்துனன் அக்காவைப் பார்த்தான். அக்கா டம்ளரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"பத்து கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணு வருதில்லை, அதை ஓடி முடிங்க அத்தான். அன்னிக்கே பெட்டியைக் கட்டிடறேன்."

"சத்தியமா?"

"அக்கா மேல சத்தியம்!"

அந்தச் சத்தியம்தான் இப்போது விசில் ஊதிக்கொண்டு நின்றது.

வாசல் கேட்டைத் தாண்டியதும் மாஸ்டர் வில்லிலிருந்து விட்ட அம்பாகப் பாய்ந்தார். அம்பு தெருமுனை மருந்துக்கடை வரை போயிற்று. அங்கே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, மூடிய ஷட்டரைக் கட்டிப்பிடித்து நின்றது.

"எடுத்த எடுப்பிலேயே டாப் கியரா? உங்க ஸ்டூடன்ட் இப்படிப் போனா சும்மா விடுவீங்களா அத்தான்?"

"வாயை மூடிட்டு என்னை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போடா."

அதன் பலன், அன்றே மைத்துனனின் மெத்தை கூடத்திலிருந்து படுக்கையறைக்கு இடம் பெயர்ந்தது.

"இதென்ன அநியாயம்?" என்றார் மாஸ்டர்.

"தூக்கத்துல மறுபடியும் கால் இழுத்துக்கிட்டா யாருங்க நீவி விடறது?" என்றாள் மனைவி. "உங்களுக்காக அவன் எவ்வளவு கஷ்டப்படறான், பாருங்க!"

மறுநாள் முதல் வீட்டில் வறுத்தது, பொரித்தது எல்லாம் நின்றுபோயின. அவித்த காய்கறி வந்தது. ஆஸ்பத்திரி வாசனை அடிக்கும் அந்தத் தட்டைப் பார்க்கும்போதெல்லாம் மாஸ்டருக்கு யாரோ செத்துவிட்ட மாதிரி துக்கம் வந்தது. வேறு வழியில்லாமல் ஸ்கூல் காரின் டாஷ்போர்டுக்குள் சிப்ஸ் பொட்டலத்தை ஒளித்து வைத்தார். இரண்டே நாளில் சட்டைப் பையோரம் ஒட்டியிருந்த தூள் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதற்கடுத்த நாள் காரின் பின் சீட்டில் மைத்துனன் உட்கார்ந்திருந்தான். கழுத்தில் விசில்.

அன்று ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர் ஒரு பேங்க் மேடம். வண்டி நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மாஸ்டரின் கை, மேடத்துக்குத் தெரியாமல், டாஷ்போர்டுப் பக்கம் ஊர்ந்தது.

"பீ...ப்!"

"ஐயோ, போலீஸ்!" என்று மேடம் அலறி, பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதித்தார். மாஸ்டர் தன் பக்கத்து பிரேக்கைக் காலால் தேடிப் பிடிப்பதற்குள் வண்டி நடைபாதையில் ஏறிக் குப்பைத் தொட்டியோடு உறவு கொண்டாடி நின்றது.

"பின்னாடி இருக்கிறது யாரு சார்?" மேடம் கண்ணாடியில் பார்த்தார்.

"என் தலைவிதி, மேடம்."

சோபா போயிற்று, படுக்கையறை போயிற்று, கடைசியில் பிழைப்பு நடத்தும் கார் வரை வந்துவிட்டான். இவன் இன்னும் பிடுங்காதது பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றுதான்.

மாஸ்டருக்கு ரோஷம் வந்தது.

அதற்குப் பிறகு விசிலுக்கு முன்பே எழுந்தார். இரண்டு விளக்குக் கம்பம் ஓட்டம், ஒரு கம்பம் நடை. பிறகு நாலு கம்பம் ஓட்டம். தெரு நாய்கள் முதலில் துரத்தின, பிறகு கூடவே ஓடின, கடைசியில் சலித்துப்போய்ப் படுத்தே பார்த்தன. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது. மருந்துக்கடைக்காரர்கூட, "உடம்பு சரியில்லையா சார்?" என்று அக்கறையாக விசாரித்தார். மாஸ்டர் முதல்முறை நிற்காமல் ஏரியைச் சுற்றி வந்த அன்று மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டதுதான் அவருக்குப் புரியவில்லை. போக வேண்டி வருமே என்று அழுகிறான் போல, நன்றாக அழட்டும் என்று விட்டுவிட்டார்.

போட்டி நாள் வந்தது.

எட்டாவது கிலோமீட்டரில் மாஸ்டரின் கால்கள் ராஜினாமா கொடுத்தன. வலது கால் தன்னையறியாமல் தார் ரோட்டில் பிரேக்கைத் தேடியது. கூன் விழுந்த ஒரு பெரியவர், "வழி விடுங்க தம்பி" என்று தாண்டிப் போனார். ஒதுங்கி உட்கார்ந்துவிடலாம் என்று மாஸ்டர் நினைத்த நேரத்தில், தடுப்புக் கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அலறல்.

"நிக்காதீங்க அத்தான்! உங்க காலைப் பிடிச்சுக் கேட்டுக்கறேன், நிக்காதீங்க!"

மைத்துனன்! அந்த முகத்தைப் பார்த்ததும் மாஸ்டருக்குக் காலியான சோபா நினைவில் வந்தது. கேட்பாரற்றுக் கிடக்கும் ரிமோட் வந்தது. தட்டு நிறைய வறுவல் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார்.

முடித்தும்விட்டார். பின்னாலிருந்து எண்ணினால் மூன்றாவது இடம். கழுத்தில் பதக்கம் விழுந்ததும் ஓடி வந்து கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதவன் மைத்துனன்தான். சாலையோரம் டாக்ஸி நின்றது. பின் சீட்டில் அவன் பெட்டி.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் அத்தான். கிளம்பறேன்."

ஜெயித்தவனுக்கு மனசு இளகும். மாஸ்டருக்கும் இளகியது. என்ன இருந்தாலும் கால் நீவி விட்ட பையன்.

"அதுக்குள்ள என்ன அவசரம் மச்சான்? இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்."

மைத்துனனின் முகம் வெளிறியது. ஒரே பாய்ச்சலில் டாக்ஸிக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டான்.

டாக்ஸிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிக் கும்பிட்டார்.

"இருக்கச் சொல்லாதீங்க சார், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்! நீங்க வேலைக்குப் போன நேரமாப் பார்த்து இவரைக் கூட்டிட்டுப் போக நானும் நாலு தடவை வந்தேன். 'அவரு தொப்பை கரையற வரைக்கும் நீ இங்கிருந்து நகரக் கூடாது'ன்னு உங்க வீட்டம்மா பெட்டியைப் பிடுங்கி வச்சுக்கிட்டாங்க!"