பவளப்பாறைக்கு ஒரு ‘ம்’

‘ம்’ போடுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. கதை கேட்கும்போது ‘ம்’ கொட்டுகிற நல்லவர்களைச் சொல்லவில்லை; அவர்கள் கேட்கிறார்கள். இவர்கள் கேட்பதில்லை. கண் நம் முகத்தில்தான் இருக்கும், தலை ஆட வேண்டிய இடத்தில் ஆடும், நாம் மூச்சு வாங்க நிறுத்துகிற நேரம் பார்த்து ஒரு ‘ம்’ விழும். ஆள் மட்டும் அங்கே இருக்க மாட்டார். எங்கே போயிருப்பார்? சிலர் கடையில் இருப்பார்கள், சிலர் கட்சியில், சிலர் என்றோ தோற்றுப்போன வரப்புத் தகராறில். விளாங்குடி டாக்டர் வெள்ளைத்துரை மன்னார் வளைகுடாவில் இருப்பார், இடுப்பளவு தண்ணீரில்.

டாக்டர் என்றதும் கையை நீட்டி நாடி பார்க்கச் சொல்லாதீர்கள். அவர் கல்லூரியில் விலங்கியல் பேராசிரியர். பவளப்பாறைகளில் பட்டம் வாங்கியவர். மதுரையில் கடல் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதை ஒரு குறையாக அவர் எண்ணியதில்லை. விடுமுறை கிடைத்தால் ராமேஸ்வரம் ரயிலில் ஏறி மண்டபத்தில் இறங்கிவிடுவார், உப்பும் நாற்றமுமாகத் திரும்பி வருவார்.

இந்த இனத்தார் வாயில்லாப் பூச்சிகள் என்று நினைத்துவிட வேண்டாம். தங்கள் பொருளைப் பற்றி என்றால் மழை பிடித்த மாதிரி பேசுவார்கள். பழங்காநத்தத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், ஏதோ பேச வேண்டுமே என்று, “சார் என்ன ஆராய்ச்சி பண்றீங்க?” என்று கேட்டுவிட்டார். பவளப்பாறை என்பது பாறையே அல்ல, கண்ணுக்கு எட்டியும் எட்டாத சிறு பூச்சிகள் தங்கள் உடம்பிலிருந்து சுண்ணாம்பைக் கசியவிட்டு, தலைமுறை தலைமுறையாகக் கட்டுகிற குடியிருப்பு என்று தொடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் அந்தப் பூச்சிகளில் ஒன்றைத் தொட்டால் அடுத்ததும் சுருங்கும், ஒன்று தின்றது மற்றதற்கும் போய்ச் சேரும் என்று விளக்கி, அதற்கு வாயும் கழிவு வாசலும் ஒன்றே என்ற இடத்துக்கு அவர் வந்தபோது பாயசம் வந்தது. பக்கத்து இலைக்காரர் இலையை மூடிவிட்டார்.

வீட்டில் கதை வேறு. ஒரு பூச்சியைத் தொட்டால் பக்கத்துப் பூச்சிக்கு எப்படித் தெரிகிறது என்று கட்டுரை எழுதியவருக்கு, மகள் காமர்ஸ் குரூப்பில் சேர்ந்த விஷயம் அரையாண்டுத் தேர்வின்போதுதான் தெரிந்தது. யாரைக் கேட்டுச் சேர்ந்தாய் என்று அதட்டினார். “ஒங்களத்தான்பா,” என்றாள் அவள். மச்சினனின் மோட்டார் சைக்கிள் இந்த வீட்டு நடையிலேயே ஒரு வருஷமாகத் தூங்குவதும் அவர் சம்மதத்தின் பேரில்தான். மனைவி முத்துத்தாய் எதையும் அவரைக் கேட்காமல் செய்ய மாட்டார். கேட்டால் வெள்ளைத்துரை ‘ம்’ என்பார். அந்தக் குடும்பம் அத்தனை வருஷமும் அந்த ‘ம்’மின் மேல்தான் நடந்துவந்தது.

இனி ஒரு கல்லின் கதை. பழைய புத்தகங்களில் இரண்டு பவள இனங்கள் உண்டு: ஒன்று தட்டுப்போலப் படரும், மற்றொன்று மான்கொம்பு மாதிரி கிளைவிடும். வெள்ளைத்துரையின் கட்சி, இரண்டும் ஒன்றேதான் என்பது. தெளிந்த நீரில் படர்கிற அதே பவளம், கலங்கல் நீரில் வண்டல் தன்மேல் தங்காதபடி நிமிர்ந்து கிளைவிடுகிறது. இப்படியே போனால் என்றோ ஒருநாள் நிஜமாகவே இரண்டாகப் பிரிந்துவிடும். பரிணாமம் நம் கண்ணெதிரே பாதி வழியில் நிற்கிறது. யாரும் நம்பவில்லை. எட்டு வருஷம் தேடி, ஒரு தீவின் ஓரத்தில், பாதி தட்டும் பாதி கொம்புமாக ஒரே உடம்பாய் வளர்ந்திருந்த ஒரு கட்டியைக் கண்டெடுத்தார். உலகத்தில் அவர் கட்சிக்கு இருந்த ஒரே சாட்சி அது. அதைத் தூக்கிக்கொண்டு கரையேறியபோது அழுதுவிட்டார். கடல் தண்ணீர் என்று படகுக்காரரிடம் சொன்னார்.

அதைக் கல்லூரியில் வைக்க அவருக்குப் பயம். முன்பு அவர் கொண்டுவந்து வைத்த ஒரு நல்ல பவளம், ஆபீசில் யாருடைய மேஜையிலோ காகிதம் பறக்காமல் காத்துக்கொண்டிருந்தது. ஆகவே பத்திரத்தை உத்தேசித்து வீட்டுக்கே கொண்டுவந்தார். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, தெரு முழுக்க மூக்கைப் பொத்திக்கொள்ள, சதையெல்லாம் கழன்று பால்வெள்ளையானதும், மற்ற சில்லறைப் பவளங்களோடு ஒரு கோணிச்சாக்கில் போட்டுக் கிணற்றடியில் வைத்தார்.

கல்கத்தாவில் ஒரு முதிய பேராசிரியர் இருந்தார். பவளங்களில் அவர் சொன்னதுதான் சட்டம். போட்டோவை நம்ப மாட்டேன், பொங்கல் கழித்துத் தெற்கே வருகிறேன், அப்போது கட்டியைக் கையில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று அவர் சம்மதித்திருந்தார். அவர் தலையசைத்துவிட்டால் உலகமே தலையசைத்த மாதிரி. வெள்ளைத்துரைக்கு அந்த மார்கழி முழுவதும் சோறு இறங்கவில்லை. மேஜையிலேயே கிடந்து கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதினார்.

அந்த மார்கழியில்தான் பொங்கலுக்கு வெள்ளையடிக்க மொக்கையன் வந்தான். சுவருக்குச் சுண்ணாம்பு பற்றாது என்று கையைப் பிசைந்தவன் கண்ணில் கிணற்றடிச் சாக்கு பட்டது. முத்துத்தாய் தன் வழக்கப்படி மேஜைக்குப் போனார்.

“கெணத்தடியில கெடக்குற கல்லு மூட்டைய மொக்கையன் கேக்குறான். காளவாசல்ல போட்டுச் சுட்டா நல்ல சுண்ணாம்பாகுமாம். குடுத்துரவா?”

“ம்.”

“பெறகு எங்கேன்னு தேட மாட்டீகளே?”

“ம்.”

அந்த நேரத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்த வரி, மேற்படி பவள மாதிரி கட்டுரை ஆசிரியரிடம் பத்திரமாக உள்ளது, விரும்பியவர் நேரில் வந்து பார்க்கலாம் என்பது.

பொங்கலன்று வீடு பளீரென்று இருந்தது. ஆனையூரிலிருந்து வந்த நாத்தனார் சுவரைத் தடவிப் பார்த்து, இம்புட்டு வெள்ளை எப்படி வந்தது என்று கேட்டார். வெள்ளைத்துரையும் நிமிர்ந்து பார்த்து, இந்தத் தடவை நன்றாக அடித்திருக்கிறான் என்று தாராளமாகவே பாராட்டினார்.

கல்கத்தாப் பேராசிரியர் சொன்னபடி வந்தார். நாற்காலியில் அமர்ந்து, காபியைக் குடித்து, சுவரில் சாய்ந்துகொண்டு, எங்கே உங்கள் கட்டி என்றார். வெள்ளைத்துரை கிணற்றடிக்குப் போனார். பிறகு அடுப்படிக்கு வந்தார்.

“சாக்கு எங்க?”

“மொட்டை மாடியில காயுது.”

“உள்ள இருந்த கல்லு?”

முத்துத்தாய் சுவரைப் பார்த்தார். “அதத்தான அடிச்சிருக்கு. ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான குடுத்தேன்.”

சத்தம் போட வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். கேட்டது அவருக்கு நினைவில்லை. ஆனால் தன்னுடைய ‘ம்’ எப்படிப்பட்டது என்று அவருக்குத் தெரியும். முன்னறைக்குப் போனார். நடந்ததைச் சொன்னார். கட்டி எப்படி இருந்தது, தட்டு எங்கே முடிந்து கொம்பு எங்கே தொடங்கியது, எட்டு வருஷம் எந்தெந்தத் தீவு, எல்லாவற்றையும் குரல் உடைய உடையச் சொன்னார். கடைசியில், அது இப்போது தங்கள் கோட்டின் முதுகில் சுண்ணாம்பாக ஒட்டியிருக்கிறது ஐயா என்றும் சொல்லிவிட்டார். அதைக் கேட்டால் கல்லும் எழுந்து நிற்கும்.

பெரியவர், “ம்,” என்றார்.

கண் வெள்ளைத்துரையின் முகத்தில்தான் இருந்தது. தலையும் சரியான இடத்தில் ஆடியது. தொழில் தெரிந்தவருக்கு வேறு சாட்சி வேண்டுமா? கிழவர் அந்த அறையிலேயே இல்லை. அந்தமானிலோ லட்சத்தீவிலோ, தம்முடைய சொந்தப் பவளங்களுக்கு நடுவே, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். சிறிது நேரம் கழித்துக் கரையேறி வந்து, மிகவும் பயனுள்ள சந்திப்பு, ரயிலுக்கு நேரமாகிறது என்றார். வாழ்நாளெல்லாம் பிறருக்குப் போட்டுவந்த அந்த எழுத்து தன்மேல் விழுந்தால் எப்படி வலிக்கும் என்று வெள்ளைத்துரைக்கு அன்றுதான் தெரிந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு.

அவரை வழியனுப்பிவிட்டு வந்து அடுப்படி வாசலில் உட்கார்ந்தார். முத்துத்தாய்க்கும் முகம் வாடிக் கிடந்தது.

“அம்புட்டு ஒசத்தியான கல்லுன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்ல?”

உண்மைதான். பந்தியில் முகம் தெரியாதவரிடம் சொல்லியிருக்கிறார், ரயிலில் வெற்றிலை வியாபாரியிடம் சொல்லியிருக்கிறார், வருஷா வருஷம் தூங்குகிற மாணவர்களிடம் சொல்லியிருக்கிறார். இவரிடம் சொன்னதில்லை. அன்று சொன்னார். முத்துத்தாய் அடுப்பை அணைத்துவிட்டு முழுக்கக் கேட்டார். அதே மாதிரி இன்னொன்று அந்தக் கடலில் இருக்காதா என்றும் கேட்டார். கல்கத்தாவுக்குத் தோன்றாத கேள்வி அது. இருக்கலாம் என்றார் வெள்ளைத்துரை.

அதன் பிறகு சில நாள் அவர் வேறு ஆளாக இருந்தார். யார் எதைச் சொன்னாலும், “என்ன சொன்ன, திரும்பச் சொல்லு,” என்பார். முத்துத்தாய் நெற்றியில் கைவைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார். மாசி பிறந்தது. மண்டபத்துக்குக் கிளம்பும் நாளில் அவர் பெட்டியில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், அன்றைக்காவது ஊரில் இருப்பீர்களா என்று முத்துத்தாய் கேட்டார்.

“ம்,” என்றார் வெள்ளைத்துரை. ஞாயிறன்று அவர் இடுப்பளவு தண்ணீரில் இருந்தார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் அல்ல, எனக்குத் தெரியும். நீங்கள் இதை ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டு வருகிறீர்கள். ஆனால் படிக்கும்போது நடுவில் வீட்டில் யாரோ உங்களிடம் என்னவோ கேட்டார்களே, நீங்களும் ஏதோ சொன்னீர்களே? எழுந்து போய் என்னவென்று ஒருமுறை விசாரித்துவிடுங்கள். இன்னும் கொடுத்தனுப்பியிருக்க மாட்டார்கள்.