அரை இஞ்ச் நகர்ந்த சிலுவை

ஆண்டவர் முழம் முழமாக அளவு சொன்ன ஆசரிப்புக் கூடாரத்தை மோசே திருப்பூரில் கட்டியிருந்தால், இஸ்ரவேல் ஜனங்கள் இன்றுவரை வனாந்தரத்தில்தான் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் டேப்பு அண்ணன் அதற்கு ஃபைனல் செக்கிங்கில் பாஸ் போட்டிருக்கவே மாட்டார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய நாலைந்து வருஷம், நல்லூரில் நான் சூப்பர்வைசராக இருந்த பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச் பீடத்துக்குச் சம்பளமில்லாத காவலர். கழுத்தில் இஞ்ச் டேப் ஆறு நாளும் தொங்கும், ஓய்வுநாளிலும் தொங்கும். கேட்டால், "இது வேலை இல்லீங்க, கீழ்ப்படிதலுங்க" என்பார்.

மகா தொல்லை! பீடத்தின் இரண்டு மெழுகுவத்திகளும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒன்று சீக்கிரம் உருகினால் மற்றதை பிளேடால் சீவுவார். ஆயர் பிரசங்கத்தில் நோவா பேழையின் அகலத்தைத் தப்பாகச் சொன்னபோது, "அம்பது முழமுங்க!" என்று கடைசி பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தார். ஆயர் அத்தோடு ஆசீர்வாதத்துக்குத் தாவிவிட்டார்.

ஒரு கிறிஸ்துமஸில் தீப்பெட்டி நமத்துப்போக, வாட்ச்மேனின் சிகரெட் லைட்டரை வாங்கி மெழுகுவத்தி ஏற்றினேன். மனுஷன் பாய்ந்து வந்து ஊதி அணைத்தார்.

"அந்நிய அக்கினிங்க! ஆரோன் பசங்க நாதாபும் அபியூவும் என்ன ஆனாங்கன்னு தெரியுமுங்களா?"

"எரிஞ்சு போனாங்கண்ணா."

"எதுக்கு? ஆண்டவரு சொல்லாத நெருப்பக் கொண்டுபோனதுக்கு!"

ஆண்டவர் தீப்பெட்டி என்று எங்கே சொன்னார் எனக் கேட்க அப்போது எனக்குத் தோன்றவில்லை.

இந்த மனுஷனிடம்தான் என் கல்யாணம் மாட்டியது. பெண் அமையாமல் இழுத்துக்கொண்டே போனதால், அமைந்தால் பீடத்துக்குப் புது விரிப்பு தைத்துத் தருவதாகப் பொருத்தனை செய்திருந்தேன். தாராபுரத்தில் அமைந்தது. பெண்ணின் அப்பா தலைமையாசிரியர். பையன் பயபக்தி உள்ளவன் என்று யாரோ சொன்னதை நம்பித்தான் பெண் கொடுத்தார்.

பொருத்தனை செய்யும்போது இருந்த தாராளம் துணி எடுக்கும்போது இல்லை. ஏற்றுமதியில் கழித்த செகண்ட்ஸ் துணியில் வெள்ளையாக ஒரு துண்டு கிடைத்தது. நடுவில் எண்ணெய்க் கறை. நல்லவேளை, சிலுவையும் நடுவில்தானே வரும்! கறைமேலேயே சிவப்புச் சிலுவையை வைத்துத் தைத்தேன். கறை அரை இஞ்ச் இடப்பக்கம் ஒதுங்கியிருந்ததால் சிலுவையும் ஒதுங்கியது. யார் பார்க்கப் போகிறார்கள்?

யாரா? கல்யாணத்தன்று பெண் வீட்டார் வந்து உட்கார்ந்த பிறகு, டேப்பு அண்ணன் விரிப்பை இந்த ஓரத்திலிருந்து அளந்தார். அந்த ஓரத்திலிருந்தும் அளந்தார்.

"ஏனுங்க தம்பி, அரை இஞ்ச் வித்தியாசம் வருதுங்க."

"அண்ணா, உங்க காலப் புடிக்கறேன். தாலி கட்டிக்கறேனுங்க, அப்பறம் பாக்கலாம்."

சிலுவையின் ஓரத்தை நகத்தால் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"செகண்ட்ஸுங்களா?" என்றார் மெதுவாக. "பழுதில்லாத ஆட்டக் கேட்டவருக்கு நொண்டி ஆட்டப் புடிச்சுட்டு வந்துட்டயே கண்ணு."

விரிப்பை உருவிச் சுருட்டிக்கொண்டு, மொபெட்டில் கம்பெனிக்குப் பறந்தார். ஒரு மணி நேரம் சர்ச்சே காத்திருந்தது. மணமேடையில் நின்று நான் அவரை மனசுக்குள் திட்டிய திட்டில் பாதிக்கு மோசே சட்டப்படி கல்லெறியே கிடைத்திருக்கும்.

முதலாளியிடம் சொல்லி எடுத்த முதல்தரத் துணியில், தானே தைத்த புது விரிப்போடு வந்தார். சிலுவை கச்சிதமாக நடுவில். மாமனார் எழுந்துவிட்டார்.

"என்னங்க இது? மாப்பிள்ளை குடுத்ததுல என்ன கோளாறு?"

செத்தேன் என்று கண்ணை மூடிக்கொண்டேன். கல்யாணம் நின்றது என்றே நினைத்தேன்.

"மாப்பள மேல தப்பில்லீங்க சார்," என்றார் டேப்பு அண்ணன். "அளவு குடுத்தது நானுங்க. தப்பாக் குடுத்துட்டனுங்க."

அவர் எனக்கு அளவே கொடுக்கவில்லை. நூல் அளவு பிசகினாலும் தூங்காத மனுஷன், பீடத்துக்கு முன்னால், கழுத்தில் டேப்போடு நின்று எனக்காகச் சொன்ன பொய் அது. கம்பெனி ஆட்கள் ஒருத்தரும் நம்பவில்லை. மாமனார் நம்பி உட்கார்ந்தார்.

இன்றும் என் வீட்டில் மெழுகுவத்தி ஏற்றத் தீப்பெட்டிதான். லைட்டரைத் தொடக் கை வரமாட்டேன் என்கிறது.