இரண்டு இலை, ஒரு கொழுந்து, ஒரு டேப் ரெக்கார்டர்

முனியம்மா மகளின் கல்யாணத்துக்கு ஒரு வெற்றிலைத் தட்டு செய்ய வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. தானா ராத்தா என்ற மலையூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தங்கி, கொழுந்து பறிக்கும் பெண்களின் பாட்டுகளை, ஆளுக்கு ஆள் மாறும் பாடவேறுபாடுகளோடு, ஆய்வுக்காகப் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு பாட்டின் பிற்பாதி அவர்களில் முனியம்மாவுக்கு மட்டுமே தெரியும். எட்டு மாதம் கெஞ்சியும் பாடவில்லை.

"சும்மா பாடுவாங்களா, ஐயா? மவ கல்யாணத்துக்கு ஒங்க கையால ஒரு தட்டு செஞ்சு குடுங்க. அங்கயே முழுசா பாடறேன்."

"என் கையாலயா?"

"பேனா புடிக்கிற கை உளி புடிக்காதா லா?"

தேக்குத் தட்டின் நடுவே, பலாப் பலகையில் வெட்டிய இரண்டு இலையும் ஒரு கொழுந்தும் பதிப்பதென்று முடிவு செய்தேன். செய்முறையைத் தோட்டத்துத் தச்சர் ஆரோக்கியத்திடம் கேட்டேன். எதையும் ஒரே முறை கேட்டு எழுதுவது எங்கள் துறையில் வழக்கமில்லை. மூன்று நாள், மூன்று முறை கேட்டேன்.

"வாத்தியாரே, நேத்துதான சொன்னேன்! வெட்டுன எலைய தட்டு மேல வச்சு கத்தியால சுத்திக் கோடு போடுங்க. கோட்டுக்குள்ள குடைங்க. பசை தடவிப் பதிச்சு, மேல கனமா ஒண்ணத் தூக்கி வைங்க. மறுநா வரைக்கும் தொடாதீங்க லா!"

மூன்று வாக்குமூலங்களையும் ஒப்பிட்டேன். இரண்டாம் நாள் மட்டும், "கனத்துக்கு அடியில ஒரு பேப்பர் வைங்க" என்றிருந்தார். மூன்றில் ஒன்றில் மட்டும் வருவது இடைச்செருகல். நீக்கிவிட்டேன்.

குடைந்தேன். குழிக்குள் இலை படகு போல ஆடியது. இடைவெளியை நிரப்பப் பசையைத் தாராளமாக ஊற்றினேன். கனமான பொருளென்று அறையில் இருந்தது டேப் ரெக்கார்டர்தான். வைத்தேன்.

கல்யாணத்தன்று காலையில் பாட்டரி மாற்றலாமென்று ரெக்கார்டரைத் தூக்கினேன்.

தட்டும் கூடவே வந்தது!

ஆரோக்கியத்திடம் ஓடினேன். ஆட்டிப் பார்த்தார்.

"பேப்பர் வச்சீங்களா?"

"அது இடைச்செருகல்னு எடுத்துட்டேன்."

"என்னாது? கடவுளே! இத இப்ப பேத்தா தட்டு ரெண்டாயிரும். அப்படியே கொண்டு போங்க லா."

கொண்டு போனேன். மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"ரேடியோ வச்ச தட்டு! பாசார் மாலாம் ராச்சந்தையில கூட கெடைக்காதே!"

முனியம்மா ரெக்கார்டரைச் சுற்றி வெற்றிலையை அடுக்கிவிட்டு, சொன்ன சொல் தவறாமல் பாடத் தொடங்கினார். பொத்தானை அழுத்தினேன். என்னிடம் ஏற்கெனவே இருந்த முற்பாதி தெளிவாகப் பதிந்தது. பிறகு நாடா ஒருமுறை முனகி நின்றது.

பாட்டரிக் கதவு ரெக்கார்டரின் அடியில். அந்த அடி, இலைகளின் மேல். நான் தட்டைத் தலைகீழாகப் பிடித்து, வெற்றிலையெல்லாம் மணப்பெண் மடியில் கொட்டக் கொட்டக் கதவைத் தேடி முடிப்பதற்குள் பிற்பாதி முடிந்துவிட்டது.

"அம்மா, இன்னொரு தடவ..."

"சின்ன மவ கல்யாணத்துக்கு வாங்க, ஐயா. அதுக்கு டிவி வச்ச தட்டு!"

மறுநாள் பிரிஞ்சாங் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கட்டு பேப்பர் வாங்கினேன்.