பதினெட்டு புள்ளி நாலு

கயிற்றை இழுத்தார் டிகிரி. கயிறு வந்தது. அதன் நுனியில் இருக்க வேண்டிய தெர்மாமீட்டர் வரவில்லை.

ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருந்த மரப்பாலத்தின் விளிம்பில் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தார். ஏரி ஒரே கலங்கல். நேற்று தானே போட்ட முடிச்சைத் தானே திட்டிக்கொண்டு எழுந்தார்.

ஏரிக் காவலுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். தினமும் காலை ஏழு மணிக்குத் தண்ணீரின் சூட்டை அளந்து, கரையில் இருக்கும் கரும்பலகையில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து ஆபீஸுக்கு அனுப்ப வேண்டும். டிகிரி என்ற பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். படித்து வாங்கியது எதுவும் கிடையாது. பதினெட்டு டிகிரிக்குக் கீழே சிவப்புக் கொடி, யாரும் இறங்கக் கூடாது. பதினெட்டைத் தொட்டால் பச்சைக் கொடி.

தெர்மாமீட்டர் தொலைவது இது மூன்றாவது தடவை. "இன்னொண்ணு தொலைஞ்சா உங்களை குடோனுக்கு மாத்திடுவேன்" என்று மேலதிகாரி போன வருஷமே சொல்லியிருந்தார். அந்த குடோனுக்கு ஜன்னல்கூடக் கிடையாது. ஏரியைப் பார்க்காமல் ஒரு நாள் இருந்தாலும் டிகிரிக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டுக்கு ஓடி, காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரை எடுத்து வந்து தண்ணீரில் அமுக்கினார். அதற்கு முப்பத்தைந்துக்குக் கீழே எண்ணத் தெரியாது. திருப்பி வைக்கும்போது மனைவி பார்த்துவிட்டாள்.

"யாருக்குங்க காய்ச்சல்?"

"எனக்குத்தான். லேசா."

"இது ஏன் இப்படிச் சொட்டுது?"

"வேர்த்துடுச்சு."

அவ்வளவுதான். கம்பளியில் சுருட்டிக் கட்டிலில் போட்டுவிட்டாள். அசையாமல் படுத்துப் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் ஆபீஸின் இணையப் பக்கம் கண்ணில் பட்டது. ஏரி நடுவே ஆபீஸ்காரர்கள் ஒரு மஞ்சள் மிதவை போட்டிருக்கிறார்கள். அதற்குள் கருவி. அது சொல்லும் சூடு தினமும் மதியம் அந்தப் பக்கத்தில் வரும். நேற்றைய கணக்கு: பன்னிரண்டு புள்ளி எட்டு.

டிகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவி அசந்த நேரம் கரைக்கு நழுவி, பலகையில் 'பதின்மூன்று' என்று எழுதினார். அதே எண்ணை எழுதினால் காப்பி என்று தெரிந்துவிடாதா? தவிர, கரையோரம் ஆழம் குறைவு, இரண்டு பாயிண்ட் கூடத்தானே இருக்கும்? மனசாட்சியும் அதை ஒப்புக்கொண்டது.

மறுநாள் மிதவைக் கணக்கு பதின்மூன்று புள்ளி நாலு. இவர் பதின்மூன்று புள்ளி ஆறு எழுதினார். அதற்கடுத்த நாள் பதினாலையும் தாண்டியாகிவிட்டது.

"ஏரி ஜோரா சூடேறுதே, டிகிரி!" என்றார் டீச்சர். ரிட்டையர் ஆன விளையாட்டு டீச்சர். பெண்கள் நீச்சல் கிளப்புக்கு அவர்தான் தலைவி. கிளப்பில் பன்னிரண்டு பேர். டிகிரியின் மனைவியும் அதில் ஒருத்தி.

ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. மிதவைக் கணக்கு மட்டும் இறங்கவே இல்லை. டிகிரி செருப்பைக் கழற்றிக் கால் கட்டைவிரலைத் தண்ணீரில் விட்டார். சுரீரென்றது.

'வயசாச்சு. விரலுக்கு என்ன தெரியும்? மெஷின் பொய் சொல்லுமா?' என்று விரலைத்தான் சந்தேகப்பட்டார். குறைத்து எழுதலாமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தார். குறைத்தால், மிதவை ஒன்று சொல்கிறது நீ ஒன்று சொல்கிறாய், உன் தெர்மாமீட்டரைக் காட்டு என்று கேட்பார்கள். பேசாமல் இரண்டு பாயிண்ட் கூட்டினார்.

பத்தாம் நாள் பலகை சொன்னது: பதினெட்டு புள்ளி நாலு.

எழுதிய சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் டீச்சர் படையோடு வந்துவிட்டார். பன்னிரண்டு பேரும் நீச்சல் உடுப்பில், துண்டும் கையுமாக. மனைவி புது நீலத் தொப்பி போட்டிருந்தாள்.

"கொடியை மாத்துங்க, டிகிரி."

"டீச்சர், பாசி அதிகமா இருக்கு. நாளைக்குப் பாத்துக்கலாமே."

"பாசி என்னை என்ன கடிக்கவா போகுது?"

"கொடிக் கயிறு சிக்கிக்கிச்சு."

டீச்சர் அவரை நகர்த்திவிட்டு ஒரே இழுப்பில் சிவப்பை இறக்கிப் பச்சையை ஏற்றினார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றிய கை.

"யாரு முதல்ல?"

"நான்தான்!" என்று மனைவி பாலத்தின் நுனிக்கு ஓடினாள். "எங்க வீட்டுக்காரர் அளந்த தண்ணி. நான் குதிக்காம வேற யாரு குதிப்பா?"

சில்லென்ற தண்ணீரில் திடீரென்று தலைகுப்புறப் பாய்ந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும், கைகால் மரத்துப்போகும் என்று வருஷா வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பவர் டிகிரி. குடோன், ஜன்னல், மேலதிகாரி எல்லாம் மறந்துபோனது. நீலத் தொப்பி மட்டும்தான் தெரிந்தது.

"ஒண்ணு... ரெண்டு..." என்று டீச்சர் எண்ண ஆரம்பித்தார்.

"குதிக்காதே!" அலறிக்கொண்டே ஓடிப்போய் மனைவியின் இடுப்பைக் கட்டிக்கொண்டார். "தெர்மாமீட்டர் தண்ணிக்குள்ள கெடக்கு! பத்து நாளா நான் அளக்கவே இல்ல!"

மனைவி மெதுவாகத் திரும்பினாள்.

"அப்ப அன்னைக்கு அந்தக் காய்ச்சல்?"

"ஏரிக்குப் பாத்தேன்."

டீச்சர் ஒரு காலைத் தண்ணீரில் விட்டார். விட்ட வேகத்தில் எடுத்தார். "ஐயையோ! ஐஸா இருக்கே! பதினெட்டுன்னு எந்த மகராசன்யா சொன்னது?"

"ஆபீஸ் மிதவை, டீச்சர். அதைப் பாத்துத்தான் எழுதினேன். மெஷின் சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றாள் மனைவி. குரல் கோபமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் கையை விலக்கிவிடவில்லை. "குடோனுக்கு மாத்தினா மாத்தட்டும். நான் வந்து சுவரை இடிச்சு ஜன்னல் வைக்கிறேன்."

அப்போது கரையில் ஆபீஸ் வண்டி வந்து நின்றது. மேலதிகாரிதான் என்று டிகிரி மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். இறங்கியது மேலதிகாரி இல்லை. மிதவையைக் கவனித்துக்கொள்ளும் பெண். பளபளவென்று ஒரு புது மிதவையை மார்போடு அணைத்துக்கொண்டு, இங்கே நடந்தது எதுவும் தெரியாமல், மூச்சு வாங்கப் பாலத்தின் மேல் வந்தாள். டிகிரியைத் தனியாக ஓரம் கட்டிக் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, உங்க தெர்மாமீட்டரைக் கொஞ்சம் குடுங்களேன், இந்தப் புதுசைச் சரிபாக்கணும். பழைய மிதவை செத்து ஒரு மாசமாச்சு. தினம் நீங்க அனுப்புற போட்டோவைப் பாத்து, மதியத்துக்குள்ள வெயில் ஏறியிருக்குமேன்னு நாலு பாயிண்ட் கூட்டித்தான் நான் போட்டுக்கிட்டிருக்கேன்."