துரை தெருவுக்கு ஒரு பஸ்

துரை கேட்டது இருநூறு கைநாட்டு. மூன்று நாளாகத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் லயம் லயமாக அலைந்து ஆண்டியப்பன் சேர்த்தது இரண்டே இரண்டு. ஒன்று அவருடையது, மற்றது பெண்டாட்டி நாகலெட்சுமியுடையது.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவர் கணக்கப்பிள்ளை. இந்தியாவிலிருந்து வந்தவர், இந்தத் தீவின் பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தார். பதினைந்து வருஷமாக இங்கேதான் இருக்கிறார் என்று காட்ட வேண்டிய, ஆள் பேர் பதியும் பழைய செக்ரோலைக் கறையான் தின்றுவிட்டது. மிச்சமிருந்த ஒரே சாட்சி, இங்கிலாந்துக்கே திரும்பிப் போய்விட்ட பழைய தோட்டத்துரை.

அந்த மனுஷனுக்கு அங்கே வேறு தலைவலி. "ஊரை அழகுபடுத்துகிறோம் என்று எங்கள் தெரு பஸ்ஸை நகரசபை நிறுத்தப் பார்க்கிறது. இருநூறு பேர் கேட்டால் விடுவார்கள். இங்கே ஒன்பது பேர்தான் தேறும். நீ வாங்கி அனுப்பு, உனக்கு வேண்டிய சாட்சிக் கடிதத்தை நான் அனுப்புகிறேன்" என்று எழுதி, மனுவையும் வைத்திருந்தார்.

லயத்திலோ, பேப்பரைக் கண்டாலே கதவைச் சாத்தினார்கள்.

"கைநாட்டு வெச்சா இந்தியாவுக்குக் கப்பலேத்திருவாங்களாமே" என்றாள் மேட்டு லயத்துக் காளியாயி.

"அட, இது வெறும் பஸ்ஸுக்குத் தாயி."

அவ்வளவுதான். நம்ம தோட்டத்துக்கு பஸ் வருகிறது என்று ஒரு மணி நேரத்தில் மலை முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் அவர் வாசலில் நிற்க இடமில்லை.

"உண்மையச் சொல்லிருங்க" என்றாள் நாகலெட்சுமி.

"சொன்னா நம்ம ரெண்டு கைநாட்டுதான் மிஞ்சும். பேசாம இரு."

பேசாமல் இருக்க அவர்கள் விட்டால்தானே.

"மேட்டு லயத்து வாசல்ல நிக்கணும்னு எழுதுங்க" என்றாள் காளியாயி.

"பள்ளத்து லயத்துல நிக்காட்டி எங்காளுக கைநாட்ட அழிங்க" என்று மாயாண்டி மல்லுக்கு நின்றான்.

இரண்டு இடத்திலும் நிற்க வேண்டும் என்று மனுவின் ஓரத்தில் இங்கிலீஷில் எழுதிப் படித்துக் காட்டினார். கடைக்கார ஹமீத் தொண்டையைச் செருமினார்.

"கோழிக்கூண்ட பஸ்ஸு மேல ஏத்த விடணும்னும் போடுங்க கணக்கப்புள்ள. நான் முப்பது பேரக் கொண்டாரேன்."

அதையும் போட்டார். ஆக மொத்தம் இருநூற்றுப் பதினாலு தேறியது.

தபாலில் சேர்த்த பிறகுதான் வினையே. ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் மண்வெட்டியோடு போய் பஸ்ஸுக்கென்று ரோட்டை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் இருநூறு முகங்கள் அவரையே பார்த்தன. ஆண்டியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

"கடுதாசி மட்டும் வந்துரட்டும். எல்லார் கால்லயும் விழுந்து உண்மையச் சொல்லிர்றேன்" என்று பெண்டாட்டியிடம் புலம்பினார்.

நாலு மாசம் கழித்து அட்டன் டவுனில் பிரஜாவுரிமை விசாரணை. அதிகாரி ஒரு உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மொழிபெயர்ப்பாளர் சின்னராசாவிடம் நீட்டினார். ஆண்டியப்பன் ஓரடி முன்னே வந்து எட்டிப் பார்த்தார்.

"எங்க பழைய துரை எழுதுனதுங்களா?"

"அவருதான். சும்மா கடுதாசி இல்லீங்க, நகரசபை முத்திரை குத்துனது. அங்க குடுத்ததோட நகலையே இங்கயும் அனுப்பியிருக்காரு. ஒங்க பேருதான் மொதல்ல இருக்கு."

ஆண்டியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. வெள்ளைக்காரன் சொன்ன சொல் தவறவில்லை. இனி யாரும் தன்னைக் கப்பலேற்ற முடியாது.

"படிங்கய்யா, கேக்குறேன்."

சின்னராசா ஒரு தரம் மனசுக்குள் படித்தார். அதிகாரியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பஸ் கேட்டவங்கள்லாம் யாருன்னு நகரசபை கேட்டுச்சாம். 'இந்த ஆண்டியப்பன் பதினஞ்சு வருஷமா எங்க தெருவுலதான் குடியிருக்காரு, பஸ் இல்லாம ரொம்பக் கஷ்டப்படுறாரு'ன்னு துரை சத்தியம் பண்ணிக் குடுத்திருக்காருங்க."